கம்பியின் நுனிப்பக்கம்

பிப்ரவரி 9, ஞாயிறு

அன்புள்ள கம்பிக்காரருக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மொட்டை மாடிக்குப் போய் ஆன்டெனாக் கம்பியை இறக்கினேன். பல்கூடத் தேய்க்கவில்லை. நடுவில் கேபிள் சேரும் இடத்தில் பற்றவைப்பு விட்டிருக்குமோ என்று பார்த்தேன், விடவில்லை. கம்பியின் இரண்டு கைகளையும் அளந்தேன். நீங்கள் வெட்டிக் கொடுத்த நீளம் அப்படியே இருக்கிறது. மீட்டரும் ஒரு குறையும் சொல்லவில்லை. மறுபடி ஏற்றிக் கட்டிவிட்டுக் கீழே வந்து ஒன்பதரைக்கு ரேடியோ செட்டின் முன் உட்கார்ந்தேன். இன்றும் நீங்கள் வரவில்லை. இது மூன்றாவது ஞாயிறு.

ஒரு சந்தேகம் மட்டும் தீர்ந்தது. போன வாரம் வீட்டுக்காரம்மா ஈரப் போர்வையை நம் கம்பியில் காயப்போட்டிருந்தார். கேட்டால், "ஏம்மா, இவ்வளவு நல்ல கொடிய சும்மா வெச்சிருக்கீங்களேன்னுதான்" என்றார். "இது வழியாத்தான் அவர்கிட்ட பேசறேன்" என்றேன். போர்வையை எடுத்துக்கொண்டு, "அப்ப துவைச்சது தெரிஞ்சிருக்கும் அவருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். போர்வை இல்லாமலும் இன்று நீங்கள் வரவில்லை; எனவே அதுவும் காரணம் இல்லை.

ஸ்பீக்கரில் உங்கள் குரலுக்குப் பதிலாக அடுப்பில் ஏதோ பொரிவது போன்ற இரைச்சல் மட்டும் வருகிறது. அதற்குள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை நீங்கள்தான் என்று நினைத்துப் பதில்கூடச் சொல்லிவிட்டேன். யாரும் இல்லை.

சும்மா பேச்சென்றால் பரவாயில்லை. இன்னும் இரண்டு வருடம் அந்தத் தீவிலேயே இருக்கச் சம்மதமா இல்லையா என்று இந்த மாத இறுதிக்குள் நீங்கள் சொல்ல வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமை பேசி முடிவு செய்வோம் என்றுதான் விட்டிருந்தோம். கடிதம் கப்பலேறி உங்கள் கைக்கு வருவதற்குள் கெடு முடிந்துவிடும் என்று தெரியும். தெரிந்தும் எழுதுகிறேன்.

வானிலை நிலையத் தொலைபேசி அவசரத்துக்கு மட்டும்தான் என்று உங்கள் தலைவர் விதி வைத்திருக்கிறார். கணவனின் குரல் கேட்கவில்லை என்பது அவசரத்தில் சேருமா என்று யோசித்தேன். எண்ணைப் பாதி அழுத்தி வைத்துவிட்டேன்.

வாலு விடுதியில் நன்றாக இருக்கிறாள். "அப்பா வந்தா நான் கேட்டேன்னு சொல்லு" என்றாள். காற்றில் வந்தால் என்று பொருள். வேறு விதமாக வருவதைப் பற்றி அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

கல்லூரி ஆய்வகத்தில் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளின் செய்முறைத் தேர்வு முடிந்தது. இந்த வருடம் எதையும் எரிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறுதோறும் உட்காருங்கள்.

உங்கள்
வாத்தியாரம்மா

~

மார்ச் 16

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கப்பலில் வந்தது. இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாவது முறை குழப்பம்.

நான் வரவில்லை என்கிறாய். ஒரு ஞாயிறு தவறாமல் வந்தேன். தொண்டை கட்டும் அளவுக்கு உன்னைக் கூப்பிட்டேன். பதில் சொல்லாதது நீதான் என்று இங்கே நான் உட்கார்ந்திருந்தேன்.

என் செட்டில் பழுதிருந்தால் சரி என்று விட்டுவிடலாம். இல்லையே. ஜனவரியில் அடித்த புயலில் பழைய மரக்கம்பம் முறிந்து விழுந்தது. அன்று மாலையே கம்பியைக் காற்றளக்கும் கோபுரத்துக்கும் ஜெனரேட்டர் கொட்டகைக்கும் நடுவில் மாற்றிக் கட்டினேன். கட்டியதிலிருந்து உலகமே கேட்கிறது. ஒரு மீன்பிடிக் கப்பலின் சமையல்காரர் தினம் பேசுகிறார். எங்கோ ஒரு ஓய்வுபெற்ற பல் டாக்டர், பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல் இருக்கிறது என்றார். நம் ரேடியோ சங்கத்துச் செயலாளர்கூட, உன் ஊருக்கு ஒரு நாள் பயணத் தூரத்தில் இருப்பவர், அரைகுறையாகவாவது என் குரலைக் கேட்டார். எல்லாருக்கும் கேட்கும் குரல் உனக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் நான் என்னவென்று நினைப்பது?

கிளம்பும் முன் நீ சொன்னது நினைவிருக்கிறது. "உங்க இஷ்டம், உங்க வேல." அதைச் சொல்லிவிட்டு நீ பாத்திரம் கழுவப் போனாய். அந்தக் கோபம்தான் இன்னும் நடக்கிறது என்று நினைத்தேன்.

நிலையத் தலைவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, வீட்ல மௌன விரதமா? எங்க வீட்ல எனக்கு அந்தக் கொடுப்பினையே இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிப்ரவரியின் கடைசி ஞாயிறுகளில் நேராகவே கேட்டேன். இரண்டு வருடம் நீட்டிக்கச் சொல்கிறார்கள், உனக்கு வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல், சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன் என்றேன். பிறகு பொறுத்துப் பார்த்தேன். கடைசி நாளன்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

கேட்காமல் செய்தேன் என்று மட்டும் சொல்லாதே. கேட்டேன்.

வாலுவுக்கு என் முத்தம். இங்கே தெற்கில் குளிர் தொடங்கிவிட்டது. பின்பக்க அறையில் என் பொருட்களைக் கலைக்காதே, இருக்கிறபடி இருக்கட்டும்.

உன்
கம்பிக்காரன்

~

ஏப்ரல் 20

அன்புள்ள கம்பிக்காரருக்கு,

நீங்கள் கேட்டீர்கள். நம்புகிறேன். எனக்குக் கேட்கவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஆய்வகத்திலிருந்து பூமி உருண்டையை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

கோபத்தில் எழுதுகிறேன், அதனால் தெரிந்ததையும் முதலிலிருந்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். டைபோல் என்பது நடுவில் ஊட்டம் கொடுத்த நேர்க்கம்பி. பிள்ளைகளுக்கு நான் இப்படிச் சொல்வேன்: ஒருவர் இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து நிற்கிறார். அவர் மார்புக்கு எதிரேயும் முதுகுக்குப் பின்னேயும் குரல் நன்றாக ஓடும். விரல் நுனிகள் காட்டும் பக்கம் மிகக் கொஞ்சம்தான் போகும். கேட்பதும் அப்படியே. எந்தப் பக்கம் அனுப்பாதோ அந்தப் பக்கத்திலிருந்து வாங்கவும் வாங்காது.

கோபுரம் எங்கே, கொட்டகை எங்கே என்பது நீங்கள் முன்பு வரைந்து அனுப்பிய படத்தில் இருக்கிறது. கம்பியின் திசையை அதிலிருந்து எடுத்தேன். உருண்டையில் உங்கள் தீவில் ஒரு குண்டூசி, நம் ஊரில் ஒரு குண்டூசி குத்தி, நடுவில் நூலை இழுத்துப் பிடித்தேன். அலை போகும் வழி அந்த நூல்தான். நூல் தீவை விட்டுக் கிளம்பும் திசையும் உங்கள் கம்பியின் திசையும் ஒன்று. கம்பியின் நுனி என்னைக் குறி வைத்து நிற்கிறது.

நீங்கள் இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருப்பவர். இது எப்படி நடந்திருக்கும் என்று யோசித்தேன். உங்கள் அறைச் சுவரில் தட்டையான உலகப் படம் இருக்கிறது அல்லவா? அதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்தில் நான் கம்பிக்குச் சாய்வாக, ஒரு ஓரத்தில் இருக்கிறேன். பரவாயில்லை, கேட்கும் என்று விட்டிருப்பீர்கள். அத்தனை தெற்கே இருப்பவருக்குத் தட்டைப் படம் திசையில் நன்றாகப் பொய் சொல்லும். பழைய கம்பத்தில் இருந்தபோது குறுக்காக இருந்ததால் அது தெரியாமல் போயிற்று. சங்கத்துச் செயலாளருக்கு நீங்கள் அரைகுறையாகக் கேட்டதும் இதனால்தான். அவரும் ஏறக்குறைய அதே நூலில் இருக்கிறார்; ஆனால் அவர் வீட்டைச் சுற்றி இரைச்சல் கிடையாது.

என் பக்கம் இருந்தது. அந்தப் பொரியும் சத்தம். கம்பியின் நுனி வழியாகக் கசிந்து வந்த கொஞ்சநஞ்சக் குரலையும் அது விழுங்கிவிட்டது. அதையும் விட்டுவைக்க மனமில்லை. துணியில் பூ வேலை செய்யும் மரச்சட்டம் ஒன்றை வாங்கி, அதில் செப்புக் கம்பியைச் சுற்றி, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கண்டென்சரை மாட்டி, ஒரு வளைய ஆன்டெனா செய்தேன். சின்ன வளையத்தின் விளிம்பு சத்தத்தைக் காட்டினால் சத்தம் ஓங்கும். முகம் சத்தத்தைப் பார்த்தால் அடங்கிவிடும். ஓங்கும் இடத்தைப் பிடிக்க முடியாது, நாலு விரற்கடை அங்கே இங்கே திருப்பினாலும் ஒன்று போலவே இருக்கும். அடங்கும் இடம் ஊசி மாதிரி. அதனால் சத்தம் சாகும்வரை திருப்பி, முகம் பார்க்கும் திசையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதைக் கையடக்க ரேடியோ ஒன்றில் சேர்த்து, முன் பால்கனியில் நின்று திருப்பினேன். வளையத்தின் முகம் எதிர்வீட்டுத் தையல்காரரைப் பார்த்தபோது சத்தம் செத்தது. கையோடு இறங்கிப் போனேன்.

"என்ன மேடம், பெரிய வளையலா இருக்கே. எந்தக் கைக்கு?"

"உங்க மிஷின் மோட்டார் இரைச்சல் போடுது. என் ரேடியோவுல எதுவும் கேக்கல."

"என் மிஷினா? நீங்க போன மாசம் தெச்ச ரவிக்க சரியில்லன்னு சொன்னப்பவே நெனச்சேன், ஏதோ பெரிசா வருதுன்னு."

"கொஞ்சம் நிறுத்துங்களேன்."

மிஷினை நிறுத்தினார். இஸ்திரிப் பெட்டியை, மின்விசிறியை, கடைசியில் மெயினையே அணைத்தார். கையிலிருந்த ரேடியோவில் சத்தம் சுகமாகப் பொரிந்துகொண்டிருந்தது. காஜா எடுக்கும் பெண் இருட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். தையல்காரர் என் வளையத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், இதுக்கு மூஞ்சி எது, முதுகு எது?" என்றார்.

எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. வளையத்துக்கு முகமும் முதுகும் ஒன்றுதான். கோடு எது என்று சொல்லும். கோட்டின் எந்தப் பக்கம் என்று சொல்லாது. வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள், அவரை நோக்கி மட்டும் நடந்திருக்கிறேன். என் முதுகுப் பக்கம் அதே கோட்டில் நம் வீடு இருந்தது. வளையத்தோடு உள்ளே போகப் போகச் சத்தம் ஏறியது. உங்கள் பின்பக்க அறையில், நீங்கள் கலைக்காதே என்ற பொருட்களுக்கு நடுவில், உங்கள் பேட்டரி சார்ஜர் ஓடிக்கொண்டிருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். வீடு அமைதியாயிற்று.

கம்பியைத் திருப்பிக் கட்டுங்கள். கோபுரத்திலிருந்து கொட்டகைக்குப் போகாமல், கடல் பக்கத்துக் கல்தூணுக்குப் போகட்டும். குறுக்காக வரும்.

நீங்கள் போட்ட கையெழுத்தைப் பற்றி இன்னும் எழுத வரவில்லை.

உங்கள்
வாத்தியாரம்மா

~

ஜூன் 8

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

கம்பி மாறிய பிறகு நடந்தது உனக்கே தெரியும். "கேக்குதா?" "கேக்குது." "நல்லா கேக்குதா?" "நல்லா கேக்குது." இதையே ஐந்து நிமிடம் மாற்றி மாற்றிச் சொன்னோம். தலைவர் அந்தப் பக்கம் போனவர், "இதுக்கா நாலு மாசம் பாடுபட்ட?" என்றார்.

உன் கடிதம் வந்த அன்றே பண்டகசாலையில் இருந்த பூமி உருண்டையைத் தேடி எடுத்து நானும் நூல் பிடித்துப் பார்த்தேன். நீ பொய் சொல்ல மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் பார்த்தேன். பிறகு சுவர்ப் படத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டேன். இதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. காற்றில் கம்பி கொஞ்சம் திரும்பிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். காட்டிக்கொடுத்துவிடாதே, எனக்குப் பிழைப்பு இதுதான்.

சார்ஜர் விஷயத்தில் தவறு என்னுடையது. பேட்டரி செத்துவிடக் கூடாது என்று விட்டுவந்தேன். தையல்காரரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்காமல் கேள்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நான் கையெழுத்துப் போட்டது நீ சொல்லாத ஒரு பதிலுக்கு. அது உன் பதிலே இல்லை என்று இப்போது தெரிகிறது. தலைவரிடம் விசாரித்தேன். மாற்று ஆட்களோடு வரும் கப்பல் ஆகஸ்டில் திரும்பும்; அதற்குள் எழுதிக் கொடுத்தால் நீட்டிப்பை ரத்து செய்துவிடலாம் என்றார். முகம் சுளித்தார், ஆனால் செய்யலாம் என்றார்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், இங்கே வேலை பிடித்திருக்கிறது. மறைக்கவில்லை. காலையில் பலூனை விட்டுவிட்டு அது போகும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடித்திருக்கிறது. ஆனால் நீ வா என்றால் வந்துவிடுகிறேன். சத்தியமாக.

செட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் யாராவது இருக்கிறார்கள். அங்கே நீட்டி முழக்கிப் பேச முடியாது. இந்தக் கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிறு ஒரே ஒரு வார்த்தை சொல். "வாங்க" அல்லது "இருங்க". அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

உன்
கம்பிக்காரன்

~

ஜூலை 24, வியாழன்

அன்புள்ள கம்பிக்காரருக்கு,

கடிதம் நேற்று வந்தது. வரும் ஞாயிறு நான் "இருங்க" என்று சொல்வேன். நீங்கள் அதை என் பெருந்தன்மை என்று நினைத்து நன்றி சொல்வீர்கள். நான் அதை மறுக்க மாட்டேன், பக்கத்தில் தலைவர் இருப்பார். மீதியை இதில் எழுதுகிறேன். இது உங்கள் கைக்கு வருவதற்குள் ஆகஸ்ட் கப்பல் போயிருக்கும். வேண்டுமென்றேதான்.

கம்பியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தட்டைப் படத்தை யாரும் நம்பிவிடுவார்கள். வேறொன்றுதான் உறுத்துகிறது. எதிர்முனையில் ஆள் கேட்கவில்லை என்றால் நம்மைப் போன்றவர்கள் முதலில் என்ன செய்வோம்? இரண்டு பேரையும் கேட்கக்கூடிய மூன்றாமவர் ஒருவரைப் பிடித்து, "அவங்ககிட்ட இதச் சொல்லிடுங்க" என்போம். உரிமம் வாங்கிய முதல் வாரத்தில் பழகும் பழக்கம். சங்கத்துச் செயலாளருக்கு நீங்கள் அரைகுறையாகக் கேட்டீர்கள். எனக்கு அவர் கணீரென்று கேட்பார். உங்கள் சமையல்காரரும் பல் டாக்டரும்கூட என் கம்பிக்கு எட்டுகிறவர்கள். நீங்கள் அவர்களோடு தினம் பேசினீர்கள். வானிலை சொன்னீர்கள். என்னைக் கூப்பிடச் சொல்லவில்லை.

நானும் யாரையும் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு இதைத்தான் வெகுநேரம் யோசித்தேன். உங்களுக்கு மௌனம் வசதியாக இருந்தது. இருக்க வேண்டும் என்று விரும்பினீர்கள், யாரும் தடுக்கவில்லை. எனக்கு எது வசதியாக இருந்தது? வேண்டாம் என்று சொல்லி உங்களை வரவழைத்தால், வந்த மனிதரோடு தினமும் இருக்க வேண்டும். காலையில் பலூன் இல்லாத மனிதரோடு. அந்தப் பொறுப்பை ஏற்க எனக்கு மனம் இல்லை என்பதை இப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறேன்.

இனி என் செய்தி. தையல்காரர் என் வளையத்தைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அவரிடம் துணி தைக்கக் கொடுக்கும் ஒரு அம்மா வானொலிக் கண்காணிப்பு நிலையத்தில் அதிகாரி. போன மாதம் அவர் நம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"சத்தத்த மோப்பம் புடிக்கிறவங்க நீங்கதானா?"

"தப்பான வீட்டுக்குத்தான் முதல்ல போனேன். அதையும் சொன்னாரா?"

"அதைத்தான் மொதல்ல சொன்னாரு. எங்க பசங்க தப்பான வீட்டுக்குப் போனா அந்த வீட்டுக்கே நோட்டீஸ் குடுத்துட்டு வந்துடுவாங்க. நீங்க திரும்பி நடந்திருக்கீங்க."

அவர்களிடம் ஒரு வண்டி இருக்கிறது. கூரையில் திரும்பும் வளையம், உள்ளே இரண்டு இருக்கை. விமானங்கள் பேசும் அலைவரிசையில், கடற்கரை நிலையம் கப்பல்களின் அழைப்புக்குக் காதுகொடுத்திருக்கும் அலைவரிசையில், எங்கிருந்தோ இரைச்சல் வந்து விழும். போய், ஓரிடத்திலிருந்து ஒரு கோடு, இன்னோரிடத்திலிருந்து இன்னொரு கோடு எடுத்து, இரண்டும் வெட்டும் இடத்தில் கதவைத் தட்ட வேண்டும். ஒற்றைக் கோட்டை நம்பி யார் வீட்டுக்கும் போகக் கூடாது. சோதனைக்கு என்னை ஒரு நாள் கூட்டிப் போனார்கள். குளிர்பதனக் கிடங்கு ஒன்றின் பெயர்ப்பலகை விளக்கில் முடிந்தது. கிடங்குக்காரர், "இந்த வெளக்கா? இதுக்கா கவர்மென்ட் வண்டி?" என்று தலையில் கை வைத்தார். திரும்பும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். ஓட்டுநர் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார். இவ்வளவு பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

வேலை இரண்டு வருடம். ஊர் ஊராகப் போக வேண்டும். கல்லூரியில் நீண்ட விடுப்புத் தருவார்கள். திங்கட்கிழமை காலை முதல்வரைப் பார்த்து எழுதிக் கொடுக்கப் போகிறேன். அதிகாரி அம்மாவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வாலுவுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தால் "நீயுமா?" என்பாள், அதற்கு ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

வீட்டைக் காலி செய்யவில்லை, பூட்டுகிறேன். சாவி வீட்டுக்காரம்மாவிடம் இருக்கும். நீங்கள் எப்போது வந்தாலும் திறந்துகொள்ளலாம். இது உங்கள் வீடும்தான். நான் உள்ளே இருப்பேனா என்பதை இப்போது எழுத முடியாது. நீங்கள் அங்கே இரண்டு வருடத்தை விருப்பத்தோடு கழியுங்கள். நானும் அப்படியே கழிப்பேன். முடிந்த பிறகு, யாரும் யாருக்கும் பதிலை ஊகிக்காமல், எதிரெதிரே உட்கார்ந்து கேட்டுப் பார்ப்போம்.

இதை ஞாயிறன்றே வாயால் சொல்லலாம். சொன்னால் நீங்கள் உடனே ஏதாவது சொல்வீர்கள், நானும் உடனே சரி என்று தலையாட்டிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. அதனால் ஞாயிறு ஒன்பதரைக்கு உட்கார்ந்து, "இருங்க" என்று சொல்லிவிட்டு, உங்கள் ஊர்க் காற்றையும் குளிரையும் கேட்டுக்கொள்வேன். மறுநாள் காலை முதல்வர் அறைக்குப் போவேன்.

அன்புடன்,
வாத்தியாரம்மா